டேபிள் சாவுக்கு ஸ்லைடிங் டேபிள்: வாங்கும் முன் அளக்க வேண்டியவை

பத்து அங்குல டேபிள் சா பட்டறைக்கு வந்ததும் நெடுக்கு வெட்டின் தொல்லை தீர்ந்துவிடும். ரிப் கைடைப் பூட்டி, எட்டடிப் பலகையைச் சீராகத் தள்ளினால் போதும். சிக்கல் குறுக்கு வெட்டில்தான். 2 அடி அகலமும் 7 அடி நீளமும் உள்ள வார்ட்ரோப் பக்கப் பலகையை, மெஷினோடு வரும் கையகல மைட்டர் கேஜில் சாய்த்துத் தள்ளிப் பாருங்கள். மேசையின் முன் விளிம்பிலிருந்து பிளேடு வரை ஓரடிதான் இடம் இருக்கும். பலகையின் அகலமோ இரண்டடி. பலகை பிளேடைத் தொடுவதற்கு முன்பே கேஜின் தலை மேசையை விட்டு வெளியே தொங்கும். தச்சர் கண்ணால் கோடு பார்த்துத் தள்ளுவார், மூலை அரை நூல் விலகும், அந்த அரை நூல் கடைசியில் கதவு மாட்டும்போது இடுக்கில் வந்து நிற்கும்.

இதற்கு மருந்தாகத்தான் ஸ்லைடிங் டேபிள் இணைப்பைத் தேடிப் போகிறோம். பலகையைக் கிடத்தும் தட்டு, அது ஓடும் தண்டவாளம், பலகை சாயும் நீண்ட குறுக்குக் கைடு ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் இணைப்பு. பலகை மேசைமேல் உரசிக்கொண்டு நகராமல், தட்டோடு சேர்ந்து நகர்கிறது. இந்த யோசனை பழையது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஆல்டென்டார்ஃப் 1906-லேயே நகரும் மேசையோடு கூடிய ரம்பத்தை உருவாக்கினார். இன்று பெரிய பட்டறைகளில் ஓடும் பேனல் சாக்கள் எல்லாம் அதன் வழிவந்தவை. நாம் பேசப்போவது அந்தப் பெரிய மெஷினைப் பற்றி அல்ல. ஏற்கெனவே கையில் இருக்கும் டேபிள் சாவின் இடப்பக்கத்தில் பின்னாளில் பூட்டிக்கொள்ளும் இணைப்பைப் பற்றி. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால்தான் வாங்குபவர் ஏமாறுகிறார்.

தட்டு எங்கே ஓடுகிறது?

கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பேனல் சாவில் ஓடும் தட்டு பிளேடை ஒட்டியே செல்லும். இடைவெளி சில மில்லிமீட்டர்தான். பின்னாளில் பூட்டும் இணைப்புகளில் பெரும்பாலானவை அப்படி இல்லை. டேபிள் சாவின் இடது இறக்கையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில்தான் ஓடும் தட்டைப் பூட்டுகிறார்கள். பிளேடுக்கும் தட்டுக்கும் நடுவே வார்ப்பிரும்பு மேசையின் இடது பாதி அசையாமல் அப்படியே இருக்கும். மெஷினைப் பொறுத்து அது ஏறத்தாழ ஓரடி அகலம்.

இந்த ஓரடிதான் வேலையைத் தீர்மானிக்கிறது. நீளமான பலகையைக் குறுக்கே வெட்டும்போது எந்தக் குறையும் தெரியாது. பலகையின் பெரும்பகுதி தட்டின்மேல் கிடக்கும், வலது முனை மட்டும் வார்ப்பிரும்பின்மேல் வழுக்கிக்கொண்டு பிளேடுக்குப் போகும். ஆனால் ஒரு சாணுக்கும் குறைவான துண்டை வெட்ட வேண்டுமானால் அது தட்டை எட்டவே எட்டாது. முழுத் துண்டும் அசையாத இரும்பின்மேல்தான் கிடக்கும். தட்டோடு ஓடும் குறுக்குக் கைடு மட்டும் நீண்டு வந்து அதைத் தள்ளும். தட்டில் கிளாம்ப் போட்டு இறுக்க வழியில்லை. டிராயர் துண்டுகள், நாற்காலிச் சட்டங்கள், படச் சட்டங்கள் என்று சிறு துண்டு வேலையே அதிகம் செய்பவருக்கு இந்த வகை இணைப்பு கொடுத்த காசுக்குப் பெறாது. அவருக்குத் தேவை நல்ல மைட்டர் கேஜும் மேசைக் காடியில் ஓடும் ஒரு பிளைவுட் ஸ்லெட்டும்தான்.

பட்டை விளிம்புள்ள பலாப் பலகையையோ தேக்குப் பலகையையோ தட்டில் கிளாம்ப் போட்டு இறுக்கி, முதல் நேர் விளிம்பு எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பேனல் சாவில் அது அன்றாட வேலை. இங்கே இரண்டு தடைகள். பலகை அந்த ஓரடியைத் தாண்டித் தட்டின்மேல் பிடிமானமாக உட்காரும் அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். நீளம் தட்டின் ஓட்டத்துக்குள் அடங்க வேண்டும். மூன்றடி ஓட்டமுள்ள இணைப்பில் ஆறடிப் பலகைக்கு விளிம்பு எடுக்க முடியாது. விற்பவர் முடியும் என்று சொன்னால், உங்கள் பலகை ஒன்றையே கொண்டுபோய் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பிளேடை ஒட்டி ஓடும் சிறிய வண்டியோடு வரும் மெஷின்களும் உண்டு. பாஷ் ஜிடிஎஸ் 10 எக்ஸ்சி போன்ற, சைட்டுக்குத் தூக்கிச் செல்லும் மெஷின்களில் மேசையின் இடப்பகுதியே கொஞ்ச தூரம் நகரும். பீடிங், ஸ்கர்ட்டிங், குறுகிய பலகைகளுக்கு அது வசதி. அதில் இரண்டடிப் பலகையை எதிர்பார்க்கக் கூடாது.

ஓட்டத்தைக் கணக்குப் போட்டு வாங்குங்கள்

விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண் ஓட்டம்தான். பலர் அதையே வெட்டக்கூடிய அகலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 600 மி.மீ. பலகைக்கு 600 மி.மீ. ஓட்டம் போதாது. ஏன் என்பதற்குப் பிளேடின் வட்டத்தைக் கவனிக்க வேண்டும்.

10 அங்குல பிளேடின் விட்டம் 254 மி.மீ., ஆரம் 127. பிளேடை மேசைக்கு மேல் 30 மி.மீ. தூக்கி வைத்தால், மேசை மட்டத்தில் முன்பல்லுக்கும் பின்பல்லுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 164 மி.மீ. பலகை துண்டாக இந்த முழுத் தூரமும் போக வேண்டியதில்லை. 18 மி.மீ. பலகையின் பின்விளிம்பு முன்பல்லைத் தாண்டி இன்னும் 28 மி.மீ. போனால் மேல்முகமும் அறுபட்டுவிடும். ஆக, 600 மி.மீ. பலகையைத் துண்டாக்க 628 மி.மீ. ஓட்டம் வேண்டும். ஆனால் துண்டான இடத்திலேயே நிறுத்தினால், வெட்டு விளிம்பு இன்னும் சுழலும் பிளேடின் பக்கத்திலேயே கிடக்கும். பலகை முழுவதும் பின்பல்லைத் தாண்டிய பிறகு எடுப்பதுதான் பத்திரம். அதற்கு 600-உடன் 164 சேர்த்து 764. பிளேடை 50 மி.மீ. தூக்கினால் அந்த 164 என்பது 202 ஆகிவிடும்.

அதனால் என் கணக்கு இப்படி: உங்கள் பட்டறையில் வாரத்தில் அதிகம் வெட்டுகிற பலகையின் அகலம் எதுவோ, அதோடு 200 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். அதற்குக் குறைவான ஓட்டமுள்ளதை வாங்காதீர்கள். அதற்கு மிக அதிகமாக இருப்பதையும் வாங்காதீர்கள். இரண்டாவது எச்சரிக்கையை யாரும் சொல்வதில்லை. ஓட்டம் கூடக் கூடத் தண்டவாளம் நீளும், எடை கூடும், முழுக்க இழுத்த நிலையில் முனையில் தொங்கும் சுமை கூடும், ஆட்டம் கூடும், மெஷினைச் சுற்றி நடக்கும் இடம் குறையும்.

மாடுலர் கிச்சன் கீழ்ப்பெட்டியின் பக்கப் பலகை 560 முதல் 580 மி.மீ. இருக்கும், மேல்பெட்டி 300 முதல் 350, வார்ட்ரோப் 600. ஆக 800 மி.மீ. ஓட்டம் இருந்தால் பெட்டி வேலை அனைத்தும் அடங்கிவிடும். 8-க்கு 4 ஷீட்டை அப்படியே தூக்கி வைத்து நான்கடியைக் குறுக்கே வெட்ட வேண்டுமானால் 1220-உடன் கூட்டிக் கிட்டத்தட்ட 1400 வேண்டும். அத்தனை நீள ஓட்டமுள்ள இணைப்புகளும் விற்கின்றன. ஆனால் அந்த ஷீட்டை முதலில் ரிப் கைடில் வைத்து நெடுக்கே இரண்டடிப் பட்டிகளாக எடுத்துவிட்டு, பிறகு குறுக்கே வெட்டினால் 800 ஓட்டமே போதுமே! நம்மூர்ப் பட்டறைகளில் வெட்டுப் பட்டியலைப் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் போடுகிறார்கள். நான்கடி குறுக்கு வெட்டு எப்போதோ ஒருமுறை வரும். அதற்கு ஒரு நேர்ப்பட்டையும் கை சர்க்குலர் சாவும் போதும்.

எடை, தொங்கல், கவிழ்தல்

கடையில் வெறும் தட்டை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து, வெண்ணெய்போல் ஓடுகிறது என்று மயங்கி வாங்குவது வழக்கம். சுமை ஏற்றாத தட்டு எதுவும் நன்றாகத்தான் ஓடும். 18 மி.மீ. எம்டிஎஃப்பில் 600-க்கு 2100 பக்கப் பலகை சுமார் 17 கிலோ. முழு ஷீட் 40 கிலோ. பிளைவுட் சற்றுக் குறைவு, முழு ஷீட் 32 கிலோ அளவில் வரும். ஏழடிப் பலகையின் வலது முனையைச் சீவி எடுக்கும்போது கிட்டத்தட்ட முழுப் பலகையும் பிளேடுக்கு இடப்பக்கம்தான் கிடக்கும். அதன் எடை மையம் பிளேடிலிருந்து மூன்றரை அடி தள்ளி இருக்கும். அந்தச் சுமையைத் தாங்குவது தண்டவாளமும், அதைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று போல்ட்டுகளும்தான்.

சோதிக்க ஒரு வழி. தட்டை முழுக்க உங்கள் பக்கம் இழுத்து, அதன் வெளி மூலையில் உள்ளங்கையை ஊன்றி நன்றாக அழுத்துங்கள். டயல் கேஜ் இருந்தால் மூலையில் வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் தட்டுக்கும் வார்ப்பிரும்பு மேசைக்கும் குறுக்கே ஒரு நேர்ப்பட்டையைக் கிடத்தி, அழுத்தும்போது வெளிச்சம் தெரிகிறதா என்று கவனியுங்கள். கையை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பினால் அது வளைவு, ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். திரும்பாமல் அங்கேயே நின்றால் எங்கோ இணைப்பு தளர்வு, அல்லது பேரிங் தேய்மானம். அதைப் பொறுக்கக் கூடாது. பக்கவாட்டிலும் தட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கீழே தொங்குவதைவிடப் பக்கவாட்டு ஆட்டம் மோசமானது. அதுதான் நேராக வெட்டில் தெரியும்.

அடுத்தது மெஷினின் எடை. 200 கிலோவுக்கு மேலுள்ள கேபினெட் சா இந்தச் சுமையைச் சட்டை செய்யாது. 30, 35 கிலோ மெஷினை மடக்குக் காலில் நிறுத்தி, அதன் இடப்பக்கம் இரும்புத் தண்டவாளத்தையும் 17 கிலோ பலகையையும் தொங்கவிட்டால் மெஷினே சாயும். சுழலும் பிளேடோடு சாயும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். இந்த மெஷின்களுக்குத் தனிக் கால் ஊன்றிய இணைப்பு மட்டுமே சரி. அதுவும் மெஷினைத் தரையில் போல்ட் போட்டு நிறுத்திய பிறகு. பிளைவுட் மேசையின் அடியில் கை சர்க்குலர் சாவைக் கவிழ்த்துப் பூட்டி டேபிள் சாவாகப் பயன்படுத்துபவர்கள் இந்த அத்தியாயத்தை இங்கேயே மூடிவிடலாம். அந்த மேசையில் எந்த இணைப்பும் நிலையாக நிற்காது.

சக்கரம் வைத்த ஸ்டாண்டில் மெஷினை நகர்த்திப் பயன்படுத்துகிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிக்கால் தரையில் ஊன்றிய இணைப்பை ஒவ்வொரு முறை நகர்த்தியதும் மறுபடி மட்டம் பிடிக்க வேண்டும். பட்டறைத் தரை சிமெண்டாக இருந்தாலும் எல்லா இடத்திலும் ஒரே மட்டமாக இருப்பதில்லை.

உங்கள் மெஷின் ஏற்குமா?

எல்லா மெஷினுக்கும் பொருந்தும் என்று அச்சிட்ட பெட்டியை நம்பி வாங்காதீர்கள். மெஷின் அருகே போய் இவற்றைப் பாருங்கள்.

இடது இறக்கை கழலுமா? வார்ப்பிரும்பு இறக்கையைப் போல்ட் போட்டுப் பூட்டியிருந்தால் கழலும். மேசை முழுவதும் ஒரே அலுமினிய வார்ப்பாக இருந்தால் கழற்ற எதுவும் இல்லை, பூட்ட இடமும் இல்லை. போல்ட் துளைகளின் இடைவெளியை அளந்துகொண்டு போங்கள். மேசை விளிம்பின் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். புதுத் துளை போட வேண்டி வந்தால் வார்ப்பிரும்பில் துளையிட்டு மறை எடுக்க லேத் பட்டறை ஆளை அழைப்பது நல்லது. ஓரத்தில் விரிசல் விட்டால் மேசையே போச்சு.

ரிப் கைடு ஓடும் முன்குழாய்தான் பெரும்பாலும் தகராறு செய்வது. அது மேசையின் இடது முனையையும் தாண்டி நீண்டிருக்கும். தட்டு ஓடும் பாதையில் நேராகக் குறுக்கே நிற்கும். ஒன்று, குழாயை வலப்பக்கம் நகர்த்திப் பூட்ட வேண்டும். அல்லது இடது முனையை அறுத்துவிட வேண்டும். அறுத்தால் திரும்ப ஒட்டாது. நகர்த்தினால் அதன்மேல் ஒட்டிய அளவுப்பட்டை பொய் சொல்லும். புதுப் பட்டை ஒட்ட வேண்டும். இரண்டில் நகர்த்துவதே மேல்.

பிளேடைச் சாய்க்கும் கைச்சக்கரம், மோட்டார் மூடி, தூசிக் குழாய் ஆகியவை எந்தப் பக்கம் இருக்கின்றன என்றும் பாருங்கள். பிளேடு வலப்பக்கம் சாயும் மெஷின்களில் மோட்டார் உள்ளே இடப்பக்கமாகச் சாயும். அதனால் மோட்டார் மூடி இடப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். தண்டவாளத்தின் தாங்கு சட்டம் அதில் முட்டினால் பிளேடை 45 டிகிரி சாய்க்கவே முடியாது. இடப்பக்கம் சாயும் பிளேடில் வேறு சிக்கல்: சாய்க்கும்போது பிளேடு குறுக்குக் கைடின் முனையை நோக்கி வரும். கைடைப் பின்னுக்கு இழுக்க மறந்தால் அலுமினியத்தையும் சேர்த்து வெட்டிவிடும். பேனல் சாக்களில் பெரும்பாலும் பிளேடு ஓடும் தட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்வதற்குக் காரணமும் இதுதான்.

டேபிள் சா செய்யும் நிறுவனமே தன் மெஷினுக்கென்று இணைப்பும் செய்தால், கொஞ்சம் விலை கூடினாலும் அதை வாங்குங்கள். துளை, உயரம், குழாய் எல்லாவற்றையும் அவர்கள் ஏற்கெனவே யோசித்திருப்பார்கள். அமெரிக்காவின் சாஸ்டாப் தன் கேபினெட் சாக்களுக்கு அப்படி ஒன்றை விற்கிறது. பொது இணைப்பை வாங்கி, தகடு வைத்து, துளை மாற்றி, இரண்டு நாள் வேலையை நிறுத்தி மிச்சம் பிடித்த பணம் கடைசியில் கையில் நிற்காது.

ஓடும் முறை

உருண்ட தண்டின்மேல் ஓடும் பேரிங், வி வடிவக் காடியில் ஓடும் சக்கரம், சிஎன்சி மெஷின்களில் வரும் லீனியர் ரெயில் என மூன்று வகை புழக்கத்தில் உண்டு. லீனியர் ரெயிலில் ஆட்டம் மிகக் குறைவு. ஆனால் மரத்தூளுக்கு அதன் குண்டுகள் நொந்துபோகும், துடைக்கும் ரப்பர் உதடு நல்ல நிலையில் இருக்க வேண்டும். திறந்த சக்கரங்களில் தூள் ஒட்டினாலும் துணியால் துடைத்தால் போயிற்று. ஆட்டம் வந்தால் ஒருபக்கச் சக்கரத்தின் மையம் விலகிய போல்ட்டைத் திருப்பி இறுக்கிக்கொள்ளலாம். அந்த வசதி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். இறுக்க வழியில்லாத இணைப்பை இரண்டு வருடத்தில் தூக்கிப் போட வேண்டியிருக்கும். எம்டிஎஃப் அதிகம் வெட்டும் பட்டறைக்கு நான் திறந்த சக்கரத்தையே சொல்வேன்.

திறந்த தண்டிலும் சக்கரத்திலும் கிரீஸ் தடவாதீர்கள். மரத்தூளும் கிரீஸும் சேர்ந்தால் பசையாகிவிடும்.

குறுக்குக் கைடு

தட்டைவிட அதிக நேரம் பார்க்க வேண்டியது கைடைத்தான். வெட்டு மூலைமட்டமாக வருவதும் வராததும் கைடு தட்டின் ஓட்டத்துக்கு 90 டிகிரியில் நிற்கிறதா என்பதைப் பொறுத்தது. பலர் மூலைமட்டத்தைப் பிளேடில் சாய்த்துக் கைடைச் சரிபார்க்கிறார்கள். பலகை நகர்வது பிளேடின் திசையில் இல்லை, தட்டின் திசையில். பிளேடு சற்று விலகி இருந்தால் வெட்டு கருகும், சொரசொரக்கும், கோடு கொஞ்சம் அகலும்; மூலை மட்டும் மாறாது. மூலை மாறினால் குற்றம் கைடினுடையது.

கைடின் நீளம் குறைந்தது 900 மி.மீ. இருக்கட்டும், உள்ளிருந்து இழுத்து நீட்டும் வகை இருந்தால் ஏழடிப் பலகைக்கும் ஸ்டாப்பர் வைக்கலாம். குறைந்தது இரண்டு ஸ்டாப்பர் வேண்டும், மடக்கித் தூக்கும்படி இருக்க வேண்டும். ஒரே அளவில் எட்டுப் பக்கப் பலகை வெட்டும்போது முதலில் ஒரு முனையைச் சீவி, பலகையைத் திருப்பி, ஸ்டாப்பரில் முட்டி வெட்டுவோம். மடங்கும் ஸ்டாப்பர் இல்லாவிட்டால் ஒவ்வொரு பலகைக்கும் கழற்றி மாட்ட வேண்டும். ஸ்டாப்பரை இறுக்கிவிட்டுப் பலகையை வேகமாக முட்டிப் பாருங்கள். அரை மில்லி நகர்ந்தாலும் அது வேலைக்கு ஆகாது. அதன் அடிப்பகுதியில் தூள் சேர ஒரு சிறு வெட்டு இருக்கிறதா என்பதும் முக்கியம். இல்லாவிட்டால் சேரும் தூளின் தடிமன் அளவில் பலகை குறையும்.

கைடைச் சோதிக்க ஐந்து வெட்டு முறையைவிட மலிவான, நம்பகமான வழி கிடையாது. ஏறத்தாழ 500 மி.மீ. சதுரத்தில் ஒரு எம்டிஎஃப் துண்டு எடுங்கள். ஒரு பக்கத்தைச் சீவுங்கள். சீவிய பக்கம் கைடில் சாயும்படி திருப்பி அடுத்த பக்கத்தைச் சீவுங்கள். இப்படியே நான்கு பக்கமும் ஆனதும், முதல் பக்கத்தை மறுபடி ஒரு விரற்கடை அகலத்துக்கு வெட்டி எடுங்கள். அந்தப் பட்டியின் இரு முனைகளிலும் வெர்னியரால் அகலத்தை அளக்க வேண்டும். ஒரு முனையில் 25.6, மறுமுனையில் 25.2 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.4. நான்கு திருப்பத்தில் பிழை நான்கு மடங்காகச் சேர்ந்திருப்பதால் நான்கால் வகுத்தால் 0.1. அதாவது 500 மி.மீ. நீளத்துக்கு 0.1 மி.மீ. விலகல்.

திருத்துவதற்கும் இதே எண் உதவும். கைடு திரும்பும் முளையிலிருந்து திருத்தும் திருகு 900 மி.மீ. தூரத்தில் இருந்தால், 0.1-ஐ 500-ஆல் வகுத்து 900-ஆல் பெருக்கினால் 0.18. அந்தத் தடிமனுள்ள ஃபில்லர் கேஜ் இதழைத் திருகின் முனையில் வைத்து நகர்த்தினால் போதும். எந்தப் பக்கம் நகர்த்துவது என்று குழப்பம் வந்தால் ஒரு பக்கம் நகர்த்தி மறுபடி ஐந்து வெட்டுப் போடுங்கள். வித்தியாசம் கூடினால் எதிர்ப்பக்கம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் இந்தச் சோதனையைக் கடையிலேயே செய்யச் சொல்லுங்கள். முடிந்ததும் கைடைக் கழற்றி, மறுபடி மாட்டி, இன்னொரு முறையும் செய்யச் சொல்லுங்கள். நெடுக்கு வெட்டு வரும்போதெல்லாம் கைடைக் கழற்றத்தான் போகிறீர்கள். கழற்றி மாட்டும்போது பழைய இடத்திலேயே உட்காராத கைடு எத்தனை கனமான அலுமினியத்தில் செய்திருந்தாலும் வீண்.

இது தீர்க்காத தொல்லைகள்

பிரீலாம் பலகையின் அடிப்பக்கம் சிராய் விடுவது ஸ்லைடிங் டேபிள் வந்தால் நின்றுவிடும் என்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு. நிற்காது. பேனல் சாவில் அடிப்பக்கம் சுத்தமாக வருவதற்குக் காரணம் நகரும் மேசை இல்லை. பெரிய பிளேடுக்கு முன்னால் எதிர்த்திசையில் சுழன்று அடிமுகத்தில் மெல்லிய கோடு கீறும் சின்ன ஸ்கோரிங் பிளேடு. பின்னாளில் பூட்டும் இணைப்பில் அது கிடையாது. 80 பல் பிளேடு, பிளேடைச் சுற்றி இடைவெளியே இல்லாத மேசைத் தகடு, வெட்டுக்கோட்டில் ஒட்டும் டேப் ஆகியவற்றால் ஓரளவு குறைக்கலாம்.

நாள் முழுக்கப் பிரீலாம் பெட்டி வேலை மட்டுமே செய்கிற பட்டறைக்கு இணைப்பு வாங்குவதே தவறான செலவு என்பது என் கருத்து. அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்துப் பேனல் சாவுக்குப் போய்விடலாம். ஆனால் 3200 மி.மீ. ஓட்டமுள்ள பேனல் சாவுக்கு மேசை முன்னும் பின்னும் ஓட 7 மீட்டர் நீளத் தரை வேண்டும், மூன்று ஃபேஸ் மின்சாரம் வேண்டும், ஆள் சுற்றி நடக்க இடமும் வேண்டும். இருபதடி நீளக் கடையில் அது அடங்காது. இடமே இல்லாதவருக்குத் தண்டவாளத்தில் ஓடும் டிராக் சா இன்னொரு வழி. ஷீட்டைத் தரையில் கிடத்தியே வெட்டலாம். ஒரே அளவில் நிறைய வெட்டும்போது அதில் வேகம் கிடைக்காது, அவ்வளவுதான்.

இணைப்பு உண்மையில் பொருந்துவது நடுவில் இருப்பவர்களுக்கு. மரமும் பிளைவுட்டும் கலந்து வேலை வரும் பட்டறை. கதவுச் சட்டமும் செய்வார்கள், கட்டிலும் செய்வார்கள், மாதத்துக்கு ஒரு வார்ட்ரோப்பும் வரும். நல்ல கேபினெட் சா ஏற்கெனவே இருக்கிறது. 10-க்கு 20 இடம். அவர்களுக்கு 800 மி.மீ. ஓட்டம், தனிக்கால், கழற்றி மாட்டினால் மாறாத கைடு போதும்.

கட்டாயம் சொல்ல வேண்டிய எச்சரிக்கை

குறுக்குக் கைடில் பலகையைச் சாய்த்து, மறுமுனையை ரிப் கைடில் முட்டி அளவு வைத்து வெட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. செய்யவே கூடாது. வெட்டுப்பட்ட வலது துண்டு சுழலும் பிளேடுக்கும் ரிப் கைடுக்கும் நடுவே சிக்கும். சற்றே திரும்பினாலும் பின்பற்கள் அதைத் தூக்கி உங்கள் மேலேயே எறியும். அளவுக்கு ரிப் கைடைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமானால், அதன்மேல் பிளேடுக்கு நன்றாக முன்னால், உங்கள் பக்கம், ஒரு கட்டையைக் கிளாம்ப் போட்டு அதில் பலகையை முட்டுங்கள். பலகை பிளேடை அடையும்போது கட்டையை விட்டு விலகியிருக்கும். துண்டு விழ இடம் இருக்கும்.

பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பிளவுக்கத்தியையும் மேல்மூடியையும் கழற்றச் சொல்லும் இணைப்பை வாங்க வேண்டாம்.

பூட்டும் வரிசை

முதலில் பிளேடை மேசைக் காடிக்கு இணையாக வையுங்கள். அதைச் செய்யாமல் மற்றது எதையும் தொடக் கூடாது. பிறகு தட்டின் ஓட்டத்தைப் பிளேடுக்கு இணையாக்க வேண்டும். தட்டில் டயல் கேஜைப் பூட்டி, ஒரு பல்லில் சாக்பீஸால் அடையாளமிட்டு, முன்பக்கம் அந்தப் பல்லைத் தொட்டு எண் பாருங்கள். பிளேடைக் கையால் திருப்பி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய், தட்டைத் தள்ளி மறுபடி பாருங்கள். வித்தியாசம் 0.1 மி.மீட்டருக்குள் இருக்க வேண்டும். இருக்கும் அந்தச் சிறு விலகலும் பின்பற்கள் பலகையை விட்டு விலகும் பக்கமாக இருக்கட்டும். மெஷினின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டே இதைச் செய்ய வேண்டும்.

அடுத்தது உயரம். தட்டு வார்ப்பிரும்பைவிட ஒரு மயிரிழை, 0.1 முதல் 0.2 மி.மீ., உயர்ந்திருந்தால் பலகை இரும்பில் உரசாமல் போகும். தாழ்ந்திருந்தால் பலகை மேசை விளிம்பில் இடித்து நிற்கும். கடைசியாகத்தான் கைடு, ஐந்து வெட்டு.

வார்ப்பிரும்பு மேசைக்கு மாதம் ஒருமுறை பேஸ்ட் வேக்ஸ் தேய்த்தால் பலகை வழுக்கும், துருவும் அண்டாது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தேய்ப்பது நல்லது. சிலிக்கான் கலந்த ஸ்பிரேயைத் தொடாதீர்கள்; பலகையில் ஒட்டிக்கொண்டு பின்னால் பாலிஷ் போடும்போது புள்ளி புள்ளியாக விலகும்.

பழைய இணைப்பு விலைக்கு வந்தால் தண்டவாளத்தை மட்டும் பார்த்தால் போதும். பேரிங், சக்கரம், ஸ்டாப்பர் எல்லாம் மாற்றக்கூடியவை. தண்டவாளம் வளைந்திருந்தால், அல்லது ஓட்டத்தின் நடுப்பகுதியில் மட்டும் பள்ளம் விழுந்திருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். நடுப்பகுதி தேய்ந்ததை எந்தத் திருகாலும் சரிக்கட்ட முடியாது. நடுவில் இறுக்கினால் முனைகளில் சிக்கும். வாங்கிப் பூட்டிய பிறகு, கழற்றிய இடது இறக்கையைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவி, அதன் போல்ட்டுகளைப் பையில் கட்டி அதனுடனேயே வையுங்கள். இணைப்பை விற்கும்போதோ மெஷினையே மாற்றும்போதோ இறக்கை இல்லாத டேபிள் சாவுக்குப் பாதி விலைதான் கேட்பார்கள்.